ஒயர்க்காரி போட்ட சோதனைப் பதிவு

எங்கள் பராமரிப்பு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவளை ஒயர்க்காரி என்றுதான் கூப்பிடுவோம். எதை எதோடு இணைக்க வேண்டுமென்றாலும் அவளிடம்தான் போக வேண்டும். வயது நாற்பதை நெருங்குகிறது. வேலை என்றால் உயிர்.

நாங்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிப்பவர்கள். யார் வீட்டுக்கு, எத்தனை மணிக்கு, என்ன உதவி என்பதெல்லாம் போனில் திறக்கும் பக்கத்தில் வரும். ஆனால் அது முந்தைய நாள் நகல். வாடிக்கையாளர் இன்று சொல்லும் மாற்றம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உடனே ஏறும், எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டவர் வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டு எத்தனையோ தடவை திரும்பியிருக்கிறேன். அந்த விவரங்களை எங்கள் பக்கத்தோடு நேரடியாக இணைக்கும் வேலை ஒயர்க்காரியிடம் வந்தது.

அதை முடித்ததும் வேலையை விடுவதாக மேனேஜரிடம் சொல்லியிருந்தாள். அவள் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் இடது பக்கம் தளர்ந்திருந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வெளியாள் வாசற்படி ஏறக் கூடாது என்று ஒரே பிடிவாதம். ஆபீசுக்கும் வீட்டுக்கும் அல்லாடி அவள் பாதியாகிவிட்டாள்.

இணைப்பைச் சோதிக்க ஒரு நோயாளியின் விவரம் வேண்டும். இல்லாத ஆளை உருவாக்க அவளுக்குப் பொறுமையில்லை. அப்பாவின் முகவரியையும் அவருக்கு வேண்டிய உதவிகளையும் போட்டு, இன்று முதல் தினமும் காலை எட்டு மணி என்று அனுப்பிவிட்டாள். ஒத்திகைக்கென்று வைத்திருந்த நகலுக்குப் போகிறது என்று நினைப்பு. முந்தைய நாள் நிஜ விவரங்களோடு இணைத்துப் பார்த்தவள், திருப்பி மாற்ற மறந்திருந்தாள்.

என் போன் ஒலித்தது. புது வீடு, பக்கத்துத் தெரு. போனேன்.

கதவைத் திறந்தவர் ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தார். சட்டை ஒரு தோளில் மட்டும் தொங்கியது.

"யாரும்மா நீங்க?"

"உங்களைப் பார்த்துக்க வந்திருக்கேன்."

"நான் யாரையும் கூப்பிடலையே."

"போன்ல வந்திருக்கே. இடது கை சட்டையில நுழையாது, உட்கார்ந்தா எழுந்திருக்கக் கஷ்டம், கோபம் மூக்குமேல. சரிதானே?"

"கோபம்னு போட்டிருக்கா?"

"அது நானா சேர்த்தது."

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அவர் பின்னால் சுவரில் ஒயர்க்காரியின் படம் தொங்கியது; யார் வீடென்று அப்போதுதான் புரிந்தது.

"நல்ல கையை முதல்ல விடுறீங்க, அதான் மாட்டிக்குது. தளர்ந்த கைக்கு முதல்ல ஏத்துங்க. நான் தொடமாட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்து முயன்றார். மெதுவாக என்றாலும் சட்டை ஏறியது.

"என் பொண்ணு இதைச் சொல்லவேயில்லையே!"

"அவ இதுக்கா படிச்சா? என்னை லிஃப்ட் ரிப்பேர் பண்ணச் சொன்னா நான் எங்க போவேன்?"

அதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள். நான் வந்து சேர்ந்தது அவள் திரையில் தெரிந்திருக்கிறது.

"சிஸ்டர், அது சும்மா டெஸ்ட்டு! கிளம்பிடுங்க, அவரு கத்துவாரு!"

ஸ்பீக்கரில் போட்டேன். அவர் குனிந்து பேசினார்.

"என்னடி, டெஸ்ட்டு பாஸா ஃபெயிலா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"பாஸ்தான்பா. உங்களைக் கேக்காம நடந்துபோச்சு. இப்பவே அழிச்சிடறேன்."

"யார் அழிக்கச் சொன்னா? காலங்காத்தால வந்து நிக்கக் கூடாது. நான் பேப்பர் படிக்கணும். பத்து மணின்னு மாத்து."

பேசிக்கொண்டிருக்கும்போதே என் போனில் எட்டு மணி என்றிருந்தது பத்து மணியாக மாறியது. காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அட, கெட்டிக்காரிதான்," என்றார். போன் இன்னும் ஸ்பீக்கரில் இருந்தது.

தப்புக்காக மேனேஜர் ஒயர்க்காரியை ஒரு மூச்சு திட்டினார். வாங்கிக்கொண்டு, ஒத்திகைப் பக்கம் முழுவதற்கும் சிவப்பு அடித்துவிட்டாள், இனி மாறிப்போகாதபடி. அப்படியே, வேலையை விடவில்லை என்றும் சொல்லிவிட்டாள். இப்போது முழுநாளும் வருகிறாள். அடுத்து மருந்துக்கடை விவரங்களையும் இணைக்கப்போகிறாளாம்.

குளிக்க வைப்பதற்கு மட்டும் அவரோடு எனக்கு இன்னும் சண்டைதான்.