என் மகன் பெயரை நான் சொன்ன நாள்

எனக்கு அறுபத்தொன்பது வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். பெற்றது மூன்று, தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு. யார் கேட்டாலும் ஐந்து என்றுதான் சொல்வேன்.

இதை ஜெர்மன் பாஷையிலும் எனக்குச் சொல்லத் தெரியும். இஷ் ஹாபெ ஃபுன்ஃப் கிண்டர். ரெண்டாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்ச எழுத்தெல்லாம் பஸ் போர்டைப் பார்த்து நானே கூட்டிக்கொண்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் காய் நறுக்கினேன். அங்கே காய் நறுக்கிய பெண்களில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் அப்போதே வந்தது, இன்னும் போகவில்லை. அது செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகத்தான் எழுத வரும். அவசரம் ஒன்றுமில்லை.

என் கடைசி மகன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தான். ரெண்டு வருஷம் முன்னால் ஜெர்மனிக்கு வேலை கிடைத்துப் போனான். மருமகளும் பேத்தியும் என்னோடு இங்கே தங்கிவிட்டார்கள். பெண்டாட்டியை அங்கே கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமென்றால் அவள் முதலில் அந்தப் பாஷையில் ஒரு பரீட்சை பாஸ் செய்ய வேண்டுமாம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துப் புருஷனோடு போய் இருக்க ஒரு பரீட்சையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கிவந்தாள்.

வகுப்பு போனில்தான். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு உட்காருவாள். சென்னையிலிருந்து ஒரு மிஸ் பேசுவார்கள். அவள் படிப்பில் கெட்டி, வாய்தான் திறக்காது. எதிரில் பேச ஆள் இல்லாமல் பழக முடியவில்லை என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அவன் போன் செய்து, நீ கொஞ்சம் அவளுக்கு எதிரே உட்காரம்மா என்று கேட்டுக்கொண்டான். கேள்விகளையெல்லாம் சின்னச் சின்ன அட்டைகளில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் எழுத்துக்கூட்டிக் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். பிறகு அவள் கேட்பாள், நான் சொல்வேன். உன் பெயர் என்ன, எந்த ஊர், எத்தனை வயது, எத்தனை பிள்ளைகள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கிற மாதிரியே கேள்விகள்.

முதல் நாளே ஒரு அட்டை வந்தது. வீ ஹைஸ்ட் ஈர் மன்? உங்கள் புருஷன் பெயர் என்ன என்று அர்த்தம். நான் கேட்டு முடிப்பதற்குள் அவள் என் மகன் பெயரைப் பளிச்சென்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அட்டையைக் கீழே வைத்தேன்.

"இன்னாடி, பெத்தவ எதுர்ல குந்திகினு கீறேன், புருசன் பேர இப்டி சொல்ற?"

"பாடத்துல அப்டித்தான் அத்த கேப்பாங்க."

"கேக்குறவங்க கேக்கட்டும். இந்த ஊட்ல அந்தப் பேரு உன் வாயில வரக் கூடாது."

இந்தக் காலத்துப் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் தெரியும். போனில் அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் ஒட்டுக்கேட்டதில்லை. ஆனால் என் எதிரில் வரக் கூடாது. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை. போய் இருபது வருஷமாகிறது, அதற்குப் பிறகும் சொன்னதில்லை. ரேஷன் ஆபீசில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைத்தான் சொல்லச் சொல்வேன். மருமகளும் அப்படி இருப்பதுதான் எனக்கு மரியாதை என்று நினைத்தேன். அன்றிலிருந்து அந்த அட்டை வந்தால் அவள் தலையைக் குனிந்துகொள்வாள், நான் அடுத்த அட்டைக்குப் போய்விடுவேன். கொஞ்ச நாளில் அந்த அட்டை அடியிலேயே கிடந்தது.

எனக்கு அந்தப் பாஷை காதாலேயே ஏறிவிட்டது. அங்கே நாற்காலி ஆணாம், விளக்கு பெண்ணாம், சின்னப் பெண் மட்டும் ரெண்டும் இல்லையாம். அதைக் கேட்டு ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அந்த மாதிரி நாட்களும் இருந்தன. ஆனால் நான் சும்மா இருந்தேனா? மீன்காரியிடம் நன்றிக்குப் பதில் டாங்கெ என்றேன். ஷேர் ஆட்டோவில் என் வயதையும் பிள்ளைகளையும் ஜெர்மனில் சொல்லிக்காட்டினேன். "இன்னா ஆயா, நீயும் பிளேன் ஏறப் போறியா?" என்று ஆட்டோக்காரர் கிண்டல் செய்தார். அதுவும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். தெருக் குழாயடியில் நாலு பேர் நடுவே, மருமகள் குடத்தோடு நிற்கும்போதே சொன்னேன்: "ரெண்டாங்கிளாஸ் படிச்ச எனுக்கு வருது, காலேஜ் போன இவுளுக்கு வாய தெறக்க வரல." எல்லோரும் சிரித்தார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

பெரிய பரீட்சைக்கு முன்னால் அந்த மிஸ் ஒரு பேச்சுப் பரீட்சை வைப்பார்கள். போனிலேயே, தனித்தனியாக. அதில் தேறினவர்களைத்தான் பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள். அன்று காலையில் மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டில் இருக்க முடியுமா என்று. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டில் நான் இருக்கக் கூடாதா, இத்தனை நாள் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் யார் என்று கேட்டேன். அவள் போனை எடுத்துவைத்தாள். நான் சமையலறையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு கீரை ஆய உட்கார்ந்தேன்.

பெயர், ஊர், வயது எல்லாம் நன்றாகச் சொன்னாள். நானே நினைக்காத அளவுக்கு நன்றாகச் சொன்னாள். குழந்தை எத்தனை என்றார்கள், அதையும் சொன்னாள். பிறகு மிஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். வீ ஹைஸ்ட் ஈர் மன்?

சத்தமே இல்லை.

திரைக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது அவளுக்குத் தெரியும். ரெண்டு மாதமாக அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிய நான் பழக்கியிருக்கிறேன். மிஸ் மறுபடியும், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார்கள். அப்போதும் சத்தமில்லை. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவளால் முடியாது, நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் கெடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கீரையைக் கையில் பிடித்தபடி, கேன்டீனில் அந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரலில், என் மகன் பெயரை நான் சொன்னேன்.

மிஸ் தமிழுக்கு வந்துவிட்டார்கள்.

"பக்கத்துல யாரு?"

என் மாமியார் என்று மருமகள் சொன்னாள். மிஸ் கோபப்படவில்லை. ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் நான் எப்படி மார்க் போடுவது, இதை எடுத்துக்கொள்ள முடியாதம்மா, அடுத்த வகுப்பு ஆட்களோடு திரும்பக் கொடுங்கள் என்றார்கள். அதற்கு இன்னும் ரெண்டு மாதம் ஆகும். போன் அணைந்தது.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, நான் ஆய்ந்த கீரையை எடுத்துப்போய்க் கழுவினாள்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். என்ன ஆச்சு என்று கேட்டான். டவர் கிடைக்காமல் பாதியில் நின்றுவிட்டது என்று அவள் சொன்னாள். என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவன் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாண்டா, டவரே கெடைக்கல" என்றேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லாமல் வளர்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவள் நான்.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் அட்டைகளை யாரும் தொடவில்லை. அவளும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. மன்னித்துக்கொள் என்று யாரிடமும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒரு மத்தியானம் அலமாரியிலிருந்து நானே அட்டைகளை எடுத்து, அடியில் கிடந்ததைத் தேடி அவள் முன்னால் வைத்தேன். இதை என்னைக் கேள் என்றேன். வேண்டாம் அத்தை என்றாள். கேள் என்றேன். கேட்டாள்.

பதில் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. மைன் மன் ஹைஸ்ட், என் புருஷன் பெயர், என்பது வரைக்கும் வந்தது, அதற்கு மேல் நாக்கு எழவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் அவர் பெயரைச் சொன்னேன். என் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து என் காதே கேட்டதில்லை. உடம்பெல்லாம் கூசியது. இவ்வளவு பாரத்தைத்தான் அந்தப் பெண்ணின் நாக்கில் ஏற்றிவைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு நான் அதே அட்டையை எடுத்து அவளைக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். திரும்பக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்து அவள் சொல்கிறவரைக்கும் ஏழெட்டுத் தடவை கேட்டேன்.

ரெண்டாவது பரீட்சை அன்று அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்பே நான் ஊத்துக்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டேன். சந்தையில் வேலையில்லாமல் சுற்றினேன். திரும்பி வந்தபோது தேறிவிட்டதாகச் சொன்னாள். பெரிய பரீட்சை அடுத்த மாதம்.

அன்றைக்கு மகன் கூப்பிட்டு என்னிடம் பேசினான். "நீ கூட குந்திகினு சொல்லிக் குடுத்ததாலதாம்மா அவ பாஸ் பண்ணா. உன்ன மாதிரி மாமியா யாருக்குமா கெடைக்கும்?" என்றான். பக்கத்தில் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் அடுத்த துணியை எடுத்தாள். நானும் அவன் புகழ்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டேன். நடந்தது அது இல்லை. நேரில் சொல்ல வாய் வராது என்பதால்தான் மூன்று நாளாக இதை எழுதுகிறேன். போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பப் பேத்தியைத்தான் கூப்பிட வேண்டும்.

பாப்பா, விளையாடினது போதும், இங்க வா. ஆயா எழுதினத படி. தப்பு இருந்தா திருத்தாத, அப்டியே படி. மெல்லப் படிக்காத, உங்கம்மா உள்ள கீறா, அவ காதுல உழணும். அப்பறம் உங்கப்பாவுக்கு அனுப்பு.