ஹெசல்கில் வாசலில் மாட்டிய கேடயம்

யார்க்‌ஷயரில் எங்கள் ஊருக்கு மேலே ஹேசல் மரங்கள் அடர்ந்த ஓர் ஓடைப்பள்ளம் உண்டு. அதன் பெயர் ஹெசல்கில். அங்குள்ள ஆட்டுப்பண்ணைக்கும் அதே பெயர். பண்ணையை ஆண்டவர்களின் குடும்பப் பெயரும் அதுவே. இன்று அப்பெயரைத் தாங்கி எஞ்சியிருப்பவர் வினிஃப்ரெட் ஹெசல்கில் ஒருவரே. பண்ணைவீட்டை விற்ற பின்னும் ஓடைக்கு அக்கரையில் சில ஆடுகளோடு வாழ்கிறார்.

வீட்டை வாங்கி விடுதியாக்கிய ஜூலியன் மார்ச்பேங்க், வாசலில் சிங்கமும் வாளும் தீட்டிய கேடயம் ஒன்றை மாட்டினார். 'ஹெசல்கில்: தந்தைவழி வழுவாத நார்மன் வீரமரபு' என்பது அதன் கீழிருந்த வாசகம். ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் குதிரைவீரர்களின் வாரிசுகளாம்; எவ்வளவு துணிச்சலான பொய்!

வினிஃப்ரெட் நேரே போய்க் கேட்டார்.

"ஏன் தம்பி, எந்தக் குதிரைவீரன் எங்க வீட்டுல பொறந்தான்?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. வர்றவங்களுக்கு ஒரு கதை வேணும்ல? உங்க பேருக்குப் பெருமைதானே!"

"பெருமையா? எங்க கொள்ளுத்தாத்தா ஏமஸ் பிராட் இங்க கூலிக்கு வந்தவரு. பண்ணைக்காரி ஹானாவைக் கட்டிக்கிட்டாரு. ஊரு அவரை ஹெசல்கில்னே கூப்பிட்டுச்சு, பிள்ளைங்களுக்கும் அதே பேருதான். அவருக்கு முன்னாடி வந்த மாப்பிள்ளை கதையும் இதேதான். பொம்பளைங்க காப்பாத்துன பேருய்யா இது! ஹானாவைத் தூக்கி எறிஞ்சுட்டு சிங்கத்தை வளர்க்குறியா?"

விடுதியில் கூலிவேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் எர்னஸ்ட் அருகே வேலி சரிசெய்துகொண்டிருந்தார்; "சிங்கம் இருந்திருந்தா ஆடு ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது, வின்னி!" என்றார்.

ஜூலியன் சிரித்தார், கேடயத்தை மட்டும் கழற்றவில்லை.

இலையுதிர்காலத்தில் ஆடுகளை மலையிலிருந்து இறக்கி அடையாள மை பூசும் நாள் வந்தது. இடது விலாவில் சிவப்புப் பட்டை: ஹானாவின் காலத்துக்கும் முந்தைய ஹெசல்கில் குறி அது. தம் ஆடுகளுக்குப் பூசி முடித்த வினிஃப்ரெட், மைச்சட்டியோடு ஓடையைக் கடந்து, சிங்கத்தின் விலாவிலும் அதே பட்டையை அழுத்தி இழுத்தார்.

"எர்னஸ்ட், இதை உடனே சுரண்டி எடுங்க!" என்று கத்தினார் ஜூலியன்.

"அடுத்தவங்க ஆட்டு அடையாளத்தை அழிக்கிறதா? நாளைக்கு ஊரே என்னை ஆட்டுத்திருடன்னு சொல்லும் சார். வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆள் எங்கள் பள்ளத்தாக்கில் கிடைக்கவில்லை. விருந்தினர்களோ அந்தச் சிவப்புப் பட்டையின் பொருளைக் கேட்கத் தொடங்கினார்கள்; கேட்டவர்களை அக்கரைக்கு அழைத்து வினிஃப்ரெட் விளக்கமாகவே சொன்னார். கடைசியில் ஜூலியன் தாமே ஏணி வைத்துக் கேடயத்தை இறக்கினார்.

பொய் இறங்கிவிட்டது. ஆனால், ஹானாவின் பெயரை அங்கே எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்த மனிதருக்கு இன்றுவரை வரவில்லை.