அலுமாரிக்குப் பின்னால் அப்பா

இரண்டாம் முறையும் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிப்போக, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வு இணையவழியில், சனிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு என்று மின்னஞ்சல் வந்தது. சந்தோஷமா பயமா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

எங்கள் ஃப்ளாட் வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையைப் பார்த்தபடி இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருக்கும் அப்பா, ரயில் நேரங்களை எழுதிப் பிரிட்ஜில் ஒட்டிவைத்தார். நேர்முகம் முடியும்வரை தானும் அம்மாவும் குசினியை விட்டு அசையப்போவதில்லை என்று சத்தியமும் செய்தார்.

சனிக்கிழமை, திரையில் இரண்டு பேர் வந்தார்கள்: நரைத்த முடியுடன் ஒரு பெண் டொக்டர், பக்கத்தில் குறிப்பெடுக்கும் ஓர் ஆண். ஏன் டொக்டராக விரும்புகிறாய் என்று கேட்டார்கள். பாடமாக்கிய பதிலை ஆங்கிலத்தில் தொடங்கினேன். அட்டவணையில் இல்லாத ரயில் ஒன்று அப்போதுதான் வந்தது. அது போய் முடிய, இணைப்பும் போயிற்று. ஒரு நிமிடத்தில் தானாகவே திரும்பி வந்தது.

"அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா?" என்றார் டொக்டர்.

"இல்லை."

"விதிப்படி கேட்கிறேன். கணினியைச் சுற்றிக் காட்டுங்கள்."

சுற்றினேன். அலுமாரிக்குப் பின்னால், கதவடியில், ஸ்டூல் ஒன்றின் மேல் அப்பா நின்றார். மேலே அலுவலகச் சட்டை, கீழே சாரம். வலது கையில் ரவுட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னுடைய அப்பா. சிக்னலுக்காக வந்திருக்கிறார். அவர் நின்றது சத்தியமாக எனக்குத் தெரியாது," என்றேன். குறிப்பெடுத்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டொக்டர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கச் சொல்லுங்கள், பாவம்," என்றார். இறங்கும்போது வயரைப் பிடிக்க அப்பா இடது கையை உயர்த்தப் பார்த்தார். அது நெஞ்சுக்கு மேலே போகவில்லை. முகம் சுளித்தது.

"பார்த்தீர்களா?" என்றார் டொக்டர். "அவரை ஒரு நோயாளியாக நினைத்து விசாரியுங்கள். உங்கள் மொழியிலேயே கேட்டு, எங்களுக்குச் சொல்லுங்கள்."

"அப்பா, கை நோகுதோ?"

"ஒண்டுமில்லை பிள்ளை. நீ அவையளோட கதைச்சு முடி."

அதை மொழிபெயர்த்தேன். இப்படித்தான் நிறையப் பேர் சொல்வார்கள், இனி என்ன செய்வீர்கள் என்றார் டொக்டர். பாடமாக்கியதை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினேன்.

"பஸ்ஸில எந்தக் கையால பிடிச்சுக்கொண்டு நிக்கிறனீங்கள்?"

"வலக்கையால. மற்றது மேல போகாது."

"சேட்டு போடேக்க நோகுமோ?"

"அதுதான் பெரிய கரைச்சல்."

"எப்ப இருந்து?"

அப்பா குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொங்கலுக்கு முந்தி."

"பொங்கலுக்கு முந்தியோ!" அகப்பையோடு அம்மா வாசலில் நின்றார். "மாசக்கணக்கா எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. திரையில் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இரவில் நித்திரை வருதா, விரல் விறைக்குதா, எங்கேயாவது விழுந்தனீங்களா என்று எனக்குக் கேள்விகள் தாமாக வந்தன. குறித்த நேரம் முடிந்ததை நானோ திரையில் இருந்த இருவரோ கவனிக்கவில்லை. கடைசியில் டொக்டர், திங்கட்கிழமையே அவரை ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொன்னார். என்னுடைய முடிவு பிறகு மின்னஞ்சலில் வரும் என்றார்.

இரண்டு கிழமை கழித்து, பம்பலப்பிட்டியில் ஏறிய பஸ்ஸில் நின்றபடியே மின்னஞ்சலைத் திறந்தேன். அனுமதி கிடைத்திருந்தது. என்னை அறியாமல் கத்திவிட்டேன். கண்டக்டர் திடுக்கிட்டு, "மொகத நங்கி?" என்றார், என்ன தங்கச்சி என்று. எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் மறந்துபோக, "டொக்டர்! டொக்டர்!" என்றேன். யாருக்கோ சுகமில்லை என்று நினைத்து அவர் மணியை அடித்து பஸ்ஸை நிறுத்தினார். நான் குதித்து இறங்கி, காலி நகருக்குப் போகும் வீதி நெடுக வெள்ளவத்தை வரைக்கும் ஓடினேன்.