சம்ப்பில் விட்ட மீன்கள்

லலிதா மேடம் பித்தளைக் குடத்தை என் முன்னால் டொக்கென்று வைத்தார். உள்ளே மூன்று மீன் குஞ்சுகள் ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தன. அன்று வரலட்சுமி நோன்பு. நைவேத்தியம் செய்வதற்காகக் குழாயில் பிடித்த தண்ணீர் அது.

“டேனியல் சார், இது உங்க டிபார்ட்மெண்ட் மீன்தானே?”

“ஆமாம் மேடம்” என்றேன். வேறு என்ன சொல்ல?

எழுபதுகளில் நான் மலேரியா இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த புதிது. ப்ரொபேஷன் முடியவில்லை. செகந்திராபாத்தில் மௌலா அலி பக்கம் ஒரு ஸ்டாஃப் காலனி என் ஏரியா. அங்கே வீட்டுக்கு வீடு குளிர் ஜுரம். ஆபீசர் காதர் சாப் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த மாதம் அவரே டிப்பர் போட்டுப் பார்ப்பார், லார்வா கிடைத்தால் என் கன்ஃபர்மேஷனில் கையெழுத்துப் போடமாட்டார். டிப்பர் என்பது நீளக் கைப்பிடி வைத்த அகப்பை. அதில் தண்ணீரை மொண்டு கொசுப்புழுவைத் தேடுவோம்.

காலனிக்கே தண்ணீர் தரும் பெரிய நிலத்தடித் தொட்டியான சம்ப்பில்தான் புழு அதிகம். குடிதண்ணீர் ஆயிற்றே, எண்ணெய் ஊற்ற முடியாது. கம்பூசியா மீன் விட்டால் புழுவைத் தின்று தீர்த்துவிடும். ஆனால் காலனியில் முக்கால்வாசி முட்டைகூடத் தொடாத தமிழ்க் குடும்பங்கள். நானோ செகந்திராபாத் கிறிஸ்தவன், மீன் என்றால் எனக்குக் குழம்புதான் ஞாபகம் வரும். கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காவிட்டால் தெரியவே தெரியாது என்று கணக்குப் போட்டேன். ஒரு மத்தியானம் பக்கெட்டோடு போய்க் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

அது குட்டி போடும் மீன் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குட்டிகள் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வின் ஓட்டை வழியாக மோட்டாரில் ஏறி, மேல் டேங்க்குக்குப் போய், குழாயில் இறங்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

லலிதா மேடத்தின் கணவர் காலனி அசோசியேஷன் செக்ரட்டரி. சாயங்காலத்துக்குள் இருபது கையெழுத்தோடு காதர் சாபுக்குப் புகார் போய்விட்டது. வேலை போச்சு என்றே நினைத்தேன். மறுநாள் காலையிலேயே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

“கேக்காம செஞ்சது என் தப்பு மேடம். மீனை எடுத்துடறேன். ஆனா புழுவை என்ன பண்றதுன்னுதான் தெரியல.”

“எங்க ஆத்துல ஏது புழு? காட்டுங்கோ பார்ப்போம்.”

அவர்கள் குளியலறை ட்ரம்மில் டிப்பரைப் போட்டேன். ஏழெட்டு நெளிந்தன. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

“சமையலுக்கு நேத்து ஜலத்தைத் தொடமாட்டோம். தினம் கவுத்துத் தேச்சுட்டுத்தான் புதுசா பிடிப்போம். இந்த ட்ரம்மைத்தான் அப்படியே விட்டுடறோம்” என்றார்.

“வாரத்துக்கு ஒருதடவை கவுத்தா போதும் மேடம். முட்டை கொசுவா ஆக அவ்வளவு நாளாகும்.”

“அப்போ வெள்ளிக்கிழமை. நாங்க தலைக்குக் குளிக்கற நாள். ட்ரம்மும் குளிக்கட்டும்.”

அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நான் இரண்டு நாள் வலை போட்டு மீன்களைப் பிடித்துத் தோட்டக் கிணற்றில் விட்டேன். சம்ப்பையும் மேல் டேங்க்கையும் கழுவி, இடுக்கில்லாமல் மூடி போட்டு, காற்றுக் குழாய்க்கு வலை கட்டினோம்.

காதர் சாப் சொன்னபடி வந்தார். சம்ப்பிலும் வீடுகளிலும் மொண்டு மொண்டு பார்த்தார். ஒரு புழு இல்லை. பிறகு பையிலிருந்து புகாரை எடுத்தார்.

“கைக்கு நை பூச்சே?” ஏன் கேட்கவில்லை என்றார். அவர் லலிதா மேடம் பக்கம் திரும்பி, வேறு ஆளைப் போடட்டுமா என்று ஹிந்தியில் கேட்டார். அவரும் ஹிந்தியிலேயே பதில் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்:

“இவர் செஞ்சது தப்புதான் சார். ஆனா புதுசா வர்றவரும் கேக்காம எதையாவது கொட்டுவார். இவர் ஒருதடவை பட்டுட்டார், இனிமே கேப்பார். இவரே இருக்கட்டும்.”

காதர் சாப் சிரித்துவிட்டார். அந்த மாதமே கன்ஃபர்மேஷன் வந்தது.

அதற்குப் பிறகு எந்தக் காலனிக்குப் போனாலும் கண்ணாடி பாட்டிலில் இரண்டு மீனை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினேன். சிலர் சரி என்றார்கள், சிலர் விரட்டினார்கள். விரட்டியவர்களிடம் ட்ரம்மைக் கவிழ்க்கச் சொன்னேன், கவிழ்த்தார்கள். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கேட்டுவிட்டுச் செய்ய நாளாகும்தான். ஆனால் அந்த வேலையை நீங்கள் இல்லாத வாரத்திலும் அவர்களே செய்துகொள்வார்கள்.