ஸ்குரூவில் வைத்த நெயில் பாலிஷ்

என் கொழுந்தன் ஒரு காரியத்தை இரண்டு தடவைக்கு மேல் சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டுக்காரரின் தம்பி அவன். எங்கள் பாட்டுக் குழுவுக்கு சவுண்ட் பார்ப்பவன். பிக்கப் வண்டியும் அவனுடையதுதான். கல்யாண ரிசப்ஷன், சபைகளின் கன்வென்ஷன் கூட்டம், திருவிழா என்று பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரை எங்கே வாசிக்கப் போனாலும், என்னையும் என் பழைய எலெக்ட்ரிக் பியானோவையும் ஏற்றிப் போவது அவன்தான். போன வருஷம் முழுக்க அவனுக்கு ஒரே பல்லவி.

"மைனி, டிஜிட்டல் ஒண்ணு வாங்குங்க. ஒரு கையில தூக்கிட்டுப் போவலாம். இதே சத்தம் அதுலயும் உண்டு."

"உனக்கென்னலே இவ்வளவு அக்கறை?"

"எனக்கொண்ணும் இல்ல. உங்களுக்காகச் சொல்லுததாக்கும்."

எனக்காகவாம்! யாருக்குக் காது குத்துகிறான்? நெய்யாற்றின்கரையில் கீபோர்டு கடை வைத்திருப்பவன் இவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கமிஷன் இல்லாமலா இந்தக் கரிசனம் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவன்மேல் எனக்குச் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. இந்தப் பியானோ முதலில் எங்கள் சபைக் கோயிலில் கிடந்தது. புது ஆர்கன் வந்ததும், இதை அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் ஒரு பலாப்பழத்துக்கும் ஒரு சேவலுக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். நான் ஏலம் கேட்டேன். வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவன் மட்டும் பின்னாலிருந்து ஏற்றிக் கேட்டான், அதுவும் மூன்று தரம். எங்கள் ஏலத்தில் அது வழக்கம்தான். சொந்தக்காரன்தான் சொந்தக்காரன்மேல் ஏற்றுவான். ஆண்டவருக்குப் போகிற காசுதானே என்று சிரிப்பான். அவனும் அப்படித்தான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போய் டிஜிட்டலையும் வாசித்துப் பார்த்தேன். சத்தம் கிட்டத்தட்ட அதேதான், மறுக்கமாட்டேன். ஆனால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மரியாதை தவறாமல் பதில் சொல்கிறது. என்னுடையது அப்படியா? ஓங்கி அடித்தால் உறுமும். அதன் உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மெல்லிய கம்பி. குட்டிச் சுத்தியல் ஒன்று அதைத் தட்டும். எதைத் தட்டினாலும் சத்தம் வரும், ஆனால் இதில் வருவது என் கையின் சத்தம். போதாததற்கு இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டச் சாலையில் எலும்பெல்லாம் கழன்றுவிடும்படி குலுங்கிப் போய் இறங்கினாலும் அதற்குச் சுருதி இறங்கவே இறங்காது. ராசியான பெட்டி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

ஒருநாள் பாட்டு லிஸ்ட் பார்க்க அவன் போனை வாங்கினேன். விரல் தவறிப் போட்டோக்களுக்குள் போய்விட்டது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. என் பியானோவின் உள்பக்கம்! கம்பி, ஸ்பிரிங், ஸ்குரூ எல்லாம் கிட்டத்தில் போய் எடுத்த படங்கள். அவற்றைக் கொச்சியில் யாருக்கோ அனுப்பியிருக்கிறான். அந்த ஆள் மலையாளத்தில் பதில் போட்டிருக்கிறான், பார்த்துவிட்டு விலை சொல்கிறேன் என்று. கொச்சியில் சினிமாக்காரர்கள் இந்தப் பழைய பெட்டிகளைத் தேடி அலைகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். போனை ஒன்றும் தெரியாதவள்போலத் திருப்பிக் கொடுத்தேன். 

டி.வி. மெக்கானிக்குகள் ஸ்குரூமேல் ஒரு பொட்டு பெயிண்ட் வைப்பார்கள். வேறு கை பட்டால் தெரிந்துவிடும். நான் என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து மூடியின் நான்கு ஸ்குரூவிலும் வைத்தேன். அடுத்த கச்சேரி பெருங்கடவிளையில் ஒரு கல்யாண மண்டபம். பெட்டியை இறக்கியதும் நான் சேலை மாற்றி, ஒரு சாயாவும் குடித்துவிட்டுத் திரும்பினேன். நான்கு பொட்டும் உடைந்திருந்தன.

டிரம்ஸ் வாசிப்பவரும் பாட வந்தவளும் பக்கத்தில் நிற்கிறார்களே என்றுகூட நான் பார்க்கவில்லை.

"எலே, என் பெட்டிய யாருக்கு விக்கப் பாக்குத? உள்ள எதைக் கழத்தினே? சொல்லு!"

அவன் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மூடிமேல் வைத்தான். உள்ளே ஒரே ஒரு மெல்லிய கம்பி.

"கொச்சியில இருந்து வந்தது. ஒண்ணுதான் கிட்டிச்சு. ஒவ்வொரு தடவை எறக்கும்போதும் ரெண்டு மூணு கட்டைக்காவது சுருதி போயிருக்கும் மைனி. நீங்க சேலை மாத்தப் போற நேரத்துல நான் தொறந்து சரியாக்கி வைப்பேன். இனி கம்பி முறிஞ்சா கிட்டாது. அதாக்கும் டிஜிட்டல் வாங்கச் சொன்னேன்."

"இத்தனை வருஷம் ஏன்லே சொல்லல?"

"சுருதி எறங்காத பெட்டின்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு நடந்திய. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அன்று வாசித்தேன். பெட்டி சுத்தமாகப் பாடியது, அவன்தான் ஏற்கனவே சரிசெய்துவிட்டானே!

அடுத்தது வெள்ளறடையில் ஒரு கன்வென்ஷன். வழக்கம்போல இறக்கினான், ஒயரை மாட்டினான், மூடியைத் தொடவில்லை. நான் முதல் பாட்டுக்குக் கை வைத்தேன். ஐயோ! மூன்று கட்டைகளுக்குச் சுருதி இறங்கிக் கிடந்தது. இன்னொன்று கம்பி முறிந்து வெறும் டக் என்றது. பாடுகிறவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவன் வண்டியிலிருந்து கடைக்காரனின் டிஜிட்டலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டம் எப்போதும்போலத்தான் கை தட்டியது.

"தப்புதான் மக்கா," என்றேன், வண்டியில் ஏறும்போது.

"சாரமில்ல மைனி, விடுங்க," என்றான், சாலையைப் பார்த்தபடி.

இப்போது மேடையில் டிஜிட்டல்தான். எவ்வளவு குலுங்கினாலும் சுருதி மாறுவதில்லை. அதைத் திறந்து பார்க்க ஒருவரும் வர வேண்டாம். பழையது வீட்டின் முன்னறையில் இருக்கிறது. நெயில் பாலிஷை ரிமூவர் போட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். அந்தக் கம்பிப் பொட்டலத்தையும் ஒரு ஸ்குரூடிரைவரையும் மூடிமேல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவன் கப்பைக் கிழங்கும் மீனும் சாப்பிட வருவான். பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காருவான். அவன் போனதும் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன், ஸ்குரூடிரைவர் கொஞ்சமாவது நகர்ந்திருக்கிறதா என்று. இதுவரை நகரவில்லை.