மூன்று கிலோ மிச்சம்

பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகியிருந்த தை மாதக் காலை. அடுப்பு நீலமாக ஒருமுறை துள்ளிவிட்டு அணைந்தது. அடுப்பின் மேல் இருந்தது என் குளியலுக்கான தண்ணீர்ப் பானை.

"முடிஞ்சுச்சு" என்றாள் மருமகள். "போன மாசம் வாங்குன கேஸு. அம்புட்டும் மாமா முதுகுல ஊத்தியாச்சு."

புதுச் சிலிண்டர் வந்தால் எனக்கு இனிச் சுடுதண்ணீர் கிடையாது என்று அவளும் மகனும் முன்பே பேசி முடித்திருந்தார்கள். நுவரெலியாவின் பச்சைத் தண்ணீரை எழுபத்து மூன்று வயது உடம்பு தாங்காது. எனக்கு வலிக்கும் மூட்டுகள் ஆறு.

மகன் சிலிண்டரை வாசலுக்கு உருட்டினான்.

"அதுல கேஸ் இருக்கு" என்றேன்.

"இருந்தா எரியணும்ல?"

உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் வைக்கச் சொன்னேன். வெறும் சிலிண்டரின் எடை அதன் கழுத்தில் குத்தியிருக்கும். அதைவிட மூன்று கிலோ கூட இருந்தது. முப்பத்தொரு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் நான், விளக்கினேன். உள்ளே புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டு வாயுக்கள். புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அதன் மூலக்கூறுக்குள்ளே இருக்கும் பிணைப்பு பலமானது, குளிர் அதை ஒன்றும் செய்யாது. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையே இருப்பதோ மெலிந்த கவர்ச்சிதான். இந்தக் குளிரில் அதைக்கூட உதறிக்கொண்டு கிளம்ப அவற்றுக்குத் தெம்பில்லை. திரவமாகவே ஒட்டிக் கிடக்கும். வாயுவை அடுப்புவரை தள்ளும் அமுக்கம் ஏறாது.

"கேட்டீங்களா?" என்றாள் மருமகள் மகனிடம். "கேஸும் உங்கப்பா மாதிரிதான். ஒட்டிக்கிட்டா நகராது."

மகன் சிரித்தான்.

"பத்தாம் வகுப்புல என்கிட்ட எத்தன புள்ளி எடுத்த?" என்றேன் அவளிடம்.

"பதினெட்டு. அந்தப் பதினெட்டுதான் இன்னைக்கு ஒங்களுக்கு சோறாக்கிப் போடுது, சேர்."

பின்புறம் மூன்று கல் கூட்டி, கவ்வாத்தில் வெட்டிப் போட்டுக் காய்ந்த தேயிலைக் குச்சிகளை, மிலாறை, ஒடித்துத் தீ மூட்டினேன். தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டில் பேசனில் ஊற்றிச் சிலிண்டரை அதில் நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க சேர், சிலிண்டருக்குச் சளியா? தலைக்கு ஊத்திராதீங்க, காச்சல் வந்துரும்!"

கொஞ்ச நேரத்தில் அடுப்பு உயர எரிந்தது.

"பாத்தியா?" என்று கத்தினேன். "அமுக்கம்!"

மருமகள் என் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சோற்றுப் பானையை ஏற்றினாள்.

"அப்பா சொன்னது சரிதான்" என்றான் மகன். "மூணு கிலோன்னா பத்து நாளைக்கு ஆக்கிரலாம்." பிறகு பின்புறம் புகைந்துகொண்டிருந்த கற்களைப் பார்த்தான். "மிலாறுலயே தண்ணி நல்லாத்தான் காயுது. இனி அங்கயே காய வச்சுக்கங்க. அப்படியே சிலிண்டருக்கும் ஒரு பேசன்."

இப்போது விடிந்ததும் நான்தான் மிலாறு ஒடிக்கிறேன். முதல் பேசன் சிலிண்டருக்கு. குளிர் கூடிய நாளில் அதற்கு இரண்டு பேசன் தேவைப்படுகிறது. அன்று நான் குளிப்பதில்லை.