நாடா பறக்கவில்லை

அக்காவின் இடது புருவம் எலும்பு தெரியப் பிளந்திருந்தது. பல்லடம் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் அவளை உட்காரவைத்ததும், அவள் கணவர், என் மாமா, முந்திக்கொண்டு டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"தறியில நாடா பறந்து அடிச்சுப்போட்டுதுங்க."

எங்கள் பக்கத்தில் எடுபடக்கூடிய பொய். விசைத்தறியில் ஊடு நூலோடு குறுக்கே ஓடும் கட்டைதான் நாடா. இரண்டு முனையிலும் கூரான இரும்பு. எப்போதாவது தெறித்து ஆளை அடிப்பதுண்டு. ஆனால் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. நாடா மாமாவின் கையில்தான் இருந்தது. மூன்று முறை ஓங்கினார். மூன்றாவது, புருவத்தில் இறங்கியது. நான் பார்த்தேன்.

டாக்டரம்மா விபத்துப் பதிவேட்டைத் திறந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது சட்டக் கல்லூரியில் மூன்றாம் வருடம். அந்தத் தாளில் எந்தச் சொல் விழுகிறதோ, அதுதான் நாளைக்கு கோர்ட்டில் அக்காவுக்காகப் பேசும்.

"மேடம், அசால்ட்னு எழுதுங்க. தாக்கியிருக்காரு."

மாமா சிரித்தார். "ஏனுங்க வக்கீலம்மா, நாலு எழுத்துப் படிச்சா மாமனையே உள்ள தள்ளோணுமா?"

"நீ சொல்லி எழுத முடியாதும்மா," என்றார் டாக்டரம்மா. "அடிபட்டவங்க சொல்லணும்."

அக்கா பஞ்சைப் புருவத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் அவளருகே குனிந்தேன்.

"சட்டத்துல அசால்ட்டுங்கற வார்த்தைக்கு அடி விழோணும்னுகூட இல்லக்கா. அடிக்கப்போறாருன்னு நீ பயப்படற மாதிரி கையை ஓங்குனாலே போதும்."

ரத்தம் வழியாத கண்ணால் என்னைப் பார்த்தாள். "ஓங்குனாலேவா? அப்ப கல்யாணமான மூணாம் நாள்ல இருந்து எழுதோணுமே, கண்ணு."

"என்னடி சொன்ன?"

மாமாவின் கை மேலே போனது. அக்கா தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுருண்டாள். ரத்தப் பஞ்சு தரையில் விழுந்தது. நர்ஸ் கத்தினார். டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி அந்தக் கையையே பார்த்தார். அது மெதுவாக இறங்கி, சட்டைப் பையைத் தடவிக்கொண்டது.

அக்கா நிமிர்ந்தாள்.

"நாடா பறக்கலீங்க. கரண்டே இல்லீங்களே, எப்படிப் பறக்கும்? எம்பட ஊட்டுக்காரருதான் அடிச்சாரு. இரும்பு மொனையில."

டாக்டரம்மா எழுதினார். மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகவே படித்தேன். அசால்ட். கணவரால். நாடாவைக் கொண்டு.

மரத்துப்போக ஊசி போட்டு, ஏழு தையல் போட்டார்கள். நான்காவது தையலில் அக்கா கேட்டாள்.

"மூணாம் நாளையுஞ் சேத்தி எழுதுனாங்களா?"

"அது போலீஸ் புகார்ல வரும்க்கா. நான் எழுதறேன்."